பொட்டு வைத்த விரல்

சூளகிரி தாண்டியதும் ஸ்கூட்டர் பஞ்சர். ஒட்டுகிற கடைக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. வெயிலுக்குப் பயந்து அதன் தகரக் கூரைக்குள் ஒதுங்கினேன். உடைந்த மேஜைகள், துருவேறிய பீரோக்கள், மூடிப்போன ஏதோ கம்பெனியின் மின்விசிறிகள். நடுவில் அது நின்றது. பவர் பிரஸ். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் வெட்டித் தள்ளுகிற இயந்திரம். அதன் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்காக ஏறி, எண்ணெய் குடித்து, கறுத்த அடையாகப் பிடித்திருந்தது. பக்கவாட்டில் ஆணியால் கீறிய ஒரு சின்ன வேல். கீறியவர் என் அப்பா.

“சனியனே, இங்கதான் கெடக்கியா?” என்றேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவரைச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டியதாகிவிட்டது. செல்போனில் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கிட்டே போனதும் அந்த வாசனை வந்தது. மெஷின் எண்ணெயும் திருநீறும் கலந்த வாசனை. மற்ற பிள்ளைகளுக்கு அப்பா என்றால் பீடி வாசனை, பவுடர் வாசனை என்று ஏதாவது இருக்கும். எனக்கு இது. கோவில்பட்டிப் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர், சட்டையை அம்மா எந்த சோப்புப் போட்டுத் துவைத்தாலும் இந்த வாசனையோடுதான் மறுநாளும் ஷிஃப்டுக்குப் போவார். போனதும் முதலில் பிரஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மோதிர விரலால் அதற்குப் பொட்டு. வெட்டி விழுகிற முதல் துண்டை எடுத்து, பக்கத்துக் கம்பத்தில் மாட்டிய முருகன் படத்தடியில் வைப்பார். அப்புறம்தான் வேலை. சாப்பாட்டுக்குப் போகும்போது பிரஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் போவாராம். எங்களிடம் அப்படிச் சொல்லிக்கொண்டு போனதாக ஞாபகம் இல்லை.

போன மாதம் எங்கள் ஆபீஸுக்கு ஒரு சொற்பொழிவாளர் வந்தார். அன்றாட வாழ்க்கையையே வழிபாடாக மாற்றிக்கொண்டால் நிலைத்த நிறைவு கிடைக்கும் என்று ஏசி ஹாலில் ஒரு மணி நேரம் பேசினார். பட்டு ஜிப்பா, பத்து விரலிலும் அபிநயம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. இவருக்கு என்ன தெரியும் என்று பற்றிக்கொண்டு வந்தது.

என் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மோதிர விரலும் சுண்டுவிரலும்.

விரல் போன அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் முகப்போடு நிறுத்தமாட்டார். உள்ளே தகடு உட்காருகிற அச்சுக்கும், டை என்பார்கள், ஒரு பொட்டு வைக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். ஆனால் மோட்டார் நின்றாலும் பக்கத்துப் பெரிய சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும்; அதுவரை பெடலில் கால் பட்டால் பிரஸ் இறங்கிவிடும். தினமும் அது நிற்கும்வரை கைகட்டி நிற்கிறவர், அன்று சூப்பர்வைசர் லோடு லோடு என்று கத்தியதில் குங்குமத்தோடு கையை உள்ளே விட்டுவிட்டார். கால் பெடலில் பட்டது. பொட்டு வைத்த விரலையே வாங்கிக்கொண்டது அவர் சாமி. எந்த ஊர் நியாயம் இது?

கம்பெனி விசாரணை வைத்தது. அம்மாவும் நானும் வீட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வேலை செய்யும்போது அடிபட்டது என்று ஆனால் நஷ்டஈடு உண்டு, பிரஸ்ஸிலேயே வேலையும் உண்டு. இல்லையென்றால் இரண்டும் கிடையாது. அப்பாவோடு வேலை பார்த்த நாகராஜ் மாமா, சூளகிரிக்காரர், முந்தின நாளே வந்து கெஞ்சினார்.

“அண்ணா, டை மாத்தறப்ப கை மாட்டிகிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுணா. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

“பொட்டு வச்சத வைக்கலன்னு எப்படிய்யா சொல்ல?” என்றார் அப்பா.

அம்மா அழுதாள். “புள்ள மூஞ்சியப் பாத்தாவது சொல்லுங்க.” அப்பா என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார் வேறு. நான் சொல்வார் என்றுதான் நம்பினேன்.

மறுநாள் நாகராஜ் மாமா தலையில் அடித்துக்கொண்டே வந்தார். “வேல நேரத்துல வேல செய்யாம சாமி கும்பிட்டியான்னு மேனேஜர் கேட்டாரு. இல்ல சார், அதுவும் வேலதான் சார்னு சொல்லிட்டு நிக்கறாரு உங்க வூட்டுக்காரரு!”

மேனேஜர் அப்படி நினைக்கவில்லை. அப்பாவை ஸ்டோருக்கு மாற்றிப் பழைய கோணிகளை எண்ண வைத்தார்கள். நஷ்டஈடு இல்லை. என் இங்கிலீஷ் மீடியம் அந்த வருஷத்தோடு நின்றது. வாய் நிறையப் பொய் சொல்லும் இந்த உலகத்தில் ஒரே ஒரு பொய், அதுவும் எனக்காக, அது முடியவில்லை அவரால். நான் முருகனோடு அன்றைக்கு டூ விட்டவள், இன்றுவரை பழம் விடவில்லை.

ஆயுதபூஜை வந்தது. அப்போதெல்லாம் அன்று ஒருநாள் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். மெஷினுக்கு மெஷின் வாழைக்கன்று, பொரிப் பொட்டலம், குழந்தைகளின் கூச்சல். அப்பா ஸ்டோரிலிருந்து நேராகப் பழைய பிரஸ்ஸிடம் போய் இடது கையால் பொட்டு வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அதை எட்டி உதைத்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கட்டைவிரல் வீங்கி, ஒரு வாரம் நொண்டினேன்.

“ஏட்டி, அதுக்கென்ன தெரியும்? அது இரும்பு,” என்றார் அப்பா.

“அப்ப எதுக்குக் கும்பிடுதிய?”

“எனக்குத் தெரியும்லா.” பொரியை என் கையில் கொட்டினார். அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒருமுறையாவது அவர் சாமியைத் திட்டியிருந்தால் நானும் சமாதானமாகியிருப்பேன். பிறகு ஆள் கிடைக்காமல் அவரையே மறுபடி அதே பிரஸ்ஸில் போட்டார்கள். ஓய்வுபெறும் வரை அதைத் தொட்டுக் கும்பிட்டார். இப்போது வீட்டில் மிக்ஸியைப் போடுவதற்கு முன்னால்கூடத் தொட்டுக் கும்பிடுகிறார்.

சூளகிரியில் எடுத்த போட்டோவை அன்று ராத்திரியே அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?” என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்பவரில்லை. அழைத்துப் போனேன். அவர் கும்பிடட்டும், அவர் எதிரிலேயே அந்த இரும்பை நான் வாய்விட்டுத் திட்டிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

இடம் காலியாக இருந்தது.

“அதுவாக்கா? நேத்து சாயந்தரமே கேஸ் கட்டர் வச்சு துண்டு துண்டா வெட்டி லாரில ஏத்தியாச்சே,” என்றார் கடைக்காரர்.

பிரஸ் நின்ற இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்த மண் மட்டும் இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றினார். குனிந்து அந்த மண்ணை மூன்று விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். அதே முகம். பொரி கொடுத்த அன்று பார்த்த அதே குறையில்லாத முகம்.

“வாட்டி, காப்பி குடிப்போம்,” என்று வெறுங்காலோடு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

அவருக்கு எதுவும் போகவில்லை. போனது எனக்குத்தான். இத்தனை வருஷம் சேர்த்த வசவை வைத்துக்கொண்டு, திட்டுவதற்கு ஒரு துண்டு இரும்புகூட இல்லாமல், அவர் மறந்துவிட்டுப் போன செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.