சோதனைக்கு அனுப்பிய கோரிக்கை

இன்று காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ஒரு பொத்தானை அழுத்துவதென்று முடிவெடுத்தேன்.

நெல் கொள்முதலுக்கு விவசாயிகள் முறை பதிவு செய்யும் இணையச் சேவையைச் சோதிப்பது என் வேலை. உண்மையான விவசாயியின் அடையாள எண்ணோடு கோரிக்கை அனுப்பினால்தான் அது பதில் சொல்லும். பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன் தன் எண்ணைக் கொடுத்தார்.

“இன்னா தம்பி, போச்சா?”

“போச்சுண்ணா. வெற்றின்னு பதில் வந்துக்கீது.”

புதிய பதிவு வந்தால் பழையது ரத்தாகிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. நாளைக்கு இருந்த அவர் முறை இருபது நாள் தள்ளிப்போயிருந்தது.

“நல்லா டெஸ்ட் பண்ணினே, நைனா. களத்துல நெல்லு தொறந்து கெடக்குது.”

உத்திரமேரூர்ப் பக்கம் தார்ப்பாய் வைத்திருப்பவர்கள் கீழே கருத்துப் பகுதியில் தெரிவிக்கவும்.

பிற்பகல் மூன்று மணியிலிருந்து மழை பெய்கிறது.