சிப்பாய்க்குச் சட்டை பார்த்தவர்

சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டுகிறவர் அவர். மெலிந்த உடம்பு, வியர்வையில் பாதி கரைந்த குங்குமம். பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவி இரண்டு புடவைகளை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற நேரத்தில், மெதுவாகச் செல்போனை எடுத்தார்.

திரையில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஆனால் அவர் யாரையும் சுடவில்லை. விளையாட்டுக்குள்ளேயே இருந்த கடையைத் திறந்து, தன் சிப்பாய்க்கு ஒவ்வொரு உடையாகப் போட்டு, விரலால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் எதையும் வாங்காமல் மூடிவிட்டார்.

"வாங்கலையா?" என்றேன்.

"ஒரு தபா வாங்கினேன் சார். நல்ல வெலை. சட்டைய மாத்தினா குண்டு படாம பூடுமா? ரெண்டே நாள்ல சலிச்சிப்போச்சி. போட்டுப் பாக்கறதுக்கு மட்டும் காசு கேக்கறதில்ல. அதான் தெனம் பாத்துக்கினு இருக்கேன்."

"எல்லாரும் இப்படிப் பார்த்துட்டே போனா அவன் கடை என்ன ஆவறது?"

"எவனாச்சும் வாங்குவான் சார்."

எதுவும் பிடிக்கவில்லை என்று மனைவி கிளம்பினாள். விரித்திருந்த பாயே தெரியாமல் குவிந்து கிடந்த புடவைகளைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பழைய மடிப்பு பிசகாமல் ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.

"பரவால்ல சார், பாக்கறதுக்குக் காசா?" என்று சிரித்தார்.

அது விற்கிறவரின் சிரிப்பா, வாங்காமல் எழுந்து போகிறவரின் சிரிப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.