இதுவும் கிளாசிக்காக்கும்

தக்கலையில் நடந்த பழைய கார் கண்காட்சிக்குத் தங்கை லில்லியுடன் போயிருந்தேன். அப்பா வைத்திருந்ததைப் போன்ற சின்ன வெள்ளைக் கார் ஒன்றும் அங்கே நின்றது. தெருவுக்கு ஒன்று நின்ற சாதாரண வண்டி. இப்போது அதைச் சுற்றிக் கயிறு! திகைத்துப்போய்த் தொடப் போனேன்.

"எக்கா, தொடாதீங்கோ. இதுவும் கிளாசிக்காக்கும்," என்றார் உரிமையாளர்.

திறந்திருந்த கண்ணாடி வழியே, வெயிலில் சுட்ட ரெக்சின் வாடை வந்தது. நான் மறுபடி ஏழு வயதுச் சிறுமியானேன்.

அன்று இரணியல் ரயில்வே கேட் அடைத்திருந்தது. பின்சீட்டில் அம்மா பிரசவ வலியில் அலறினாள். ஓயாமல் காரைத் துடைத்துக்கொண்டிருக்கும் அப்பா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தார். வழியில் போன மீன்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"பயப்படாதீங்கோ அண்ணே, நான் பாத்துக்கிடுதேன்!" என்று பின்கதவைத் திறந்து ஏறினாள்.

ரயில் தடதடத்துக் கடந்தது. அந்தச் சத்தம் அடங்கியபோது குழந்தையின் அழுகை கேட்டது. முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். மீன்காரப் பெண்ணின் முந்தானைக்குள் லில்லி இருந்தாள். அப்பா இறங்கிப்போய், பானெட்டில் தலைசாய்த்து அழுதார்.

இதையெல்லாம் சொன்னதும் உரிமையாளர் கயிற்றை அவிழ்த்தார். பிறகு கதவைத் திறந்து, "நீங்க ஏறுங்கோ," என்றார் லில்லியிடம்.

லில்லி பின்சீட்டில் ஏறி, அதை இரண்டு கைகளாலும் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.