அந்த இரண்டாவது கோல்

திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நான் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்குக்கு வெள்ளைக்காரர்கள் வருவதில்லை. அவர்களுக்குப் புதுச்சேரிப் பக்கம் வசதியான இடங்கள் இருக்கின்றன. அதனால் ஒரு திங்கட்கிழமை காலை, குயிலாப்பாளையத்து டிரைவர் ஒருவர் அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது, பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேரும் கழுத்துவலியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கம்மா முட்டிய நீங்கதான மேடம் சரி பண்ணீங்க? சாரு கைய தூக்க முடியாம பேஜாராயிக்கினு இருக்காரு. அதான் இட்டாந்தேன்" என்றார் டிரைவர்.

தோள்பட்டை இறுகிப் போயிருந்தது. அது எனக்குப் பழகிய கோளாறு. புதிதாக இருந்தவை அவருடைய விரல்கள். சுண்டுவிரல் மற்றவற்றோடு கோபித்துக்கொண்டதுபோல் வெளிப்பக்கமாக விலகி நின்றது. மோதிர விரலின் நுனி மடங்கவே இல்லை. மெஷினில் மாட்டிய கை என்றுதான் நினைத்தேன்.

"வேலை செய்யறப்ப ஆனதா சார்?"

"வேலை இல்ல. வெளையாட்டு" என்றார். குயிலாப்பாளையத்தில் வீடு கட்டும் வேலைக்கு உதவ வந்தவர் அங்கேயே தங்கிவிட்டாராம். கொத்தனார்களிடம் கற்ற தமிழ்.

எந்த விளையாட்டு ஒரு மனிதனின் கையை இப்படிப் பண்ணும்? தெரிந்துகொள்ளாமல் அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தோளுக்கு ஒத்தடம் வைத்துவிட்டுக் கேட்டேன். ஆங்கிலத்துக்கு மாறிச் சொன்னார். அவர் அயர்லாந்துக்காரர். அங்கே ஹர்லிங் என்று ஒரு ஆட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர், ஆளுக்கொரு மட்டை, கிரிக்கெட் பந்து அளவில் ஒரு தோல் பந்து. பறந்து வரும் பந்தைப் பிடிக்க ஒருவர் கை நீட்டுவார். அதே பந்தை அடிக்க இன்னொருவர் மட்டையை வீசுவார். விரல் நடுவில் மாட்டும்.

"நீங்க அடிக்கிறவரா, பிடிக்கிறவரா?"

"தடுக்கிறவன். கோலுக்கு முன்னால, மூலையில. கார்னர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கெடார் கிராமத்துக்காரி. விழுப்புரத்தில் கல்லூரி படித்தபோது கபடி அணியில் நானும் கார்னர்தான். சொன்னதும் அவர் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார். ரைடர் கோட்டைத் தாண்டி வரும்போது மூலையில் நிற்பவள் என்ன செய்வாள், கணுக்காலை எப்போது பிடிப்பாள் என்று அவர் கேட்கக் கேட்க, அன்று வெளியே பெஞ்சில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தடவையும், தோளைத் திருப்பும் நேரத்தில் அவர் கதையை நான் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன்.

பால் பண்ணைக் குடும்பம். அங்கே பொதுவாக ஒருவர் தன் சொந்த மாவட்டத்துக்குத்தான் ஆடுவார். எவ்வளவு நன்றாக ஆடினாலும் வேறு அணி விலைக்கு வாங்கிக்கொண்டு போகாது. சம்பளமும் கிடையாது.

"சும்மாவா ஆடுவாங்க?"

"சும்மாதான். திங்கக்கெழம காலைல மாடு கறக்கணும்."

ஆள் குட்டை என்பதால் பல வருஷம் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு வருஷம், இறுதி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் வழக்கமான கார்னருக்குக் கால் முறிந்தது. தலைநகரத்துப் பெரிய மைதானத்தில், நாட்டிலேயே பேர்போன ஒரு முன்கள ஆட்டக்காரனுக்கு எதிரே இவரை நிறுத்தினார்கள். நெட்டையன், சிவந்த தலைமுடி. அன்றைக்கு அந்த ஆள் ஒருவனே மூன்று கோல் போட்டான். அணி தோற்றது.

மறுநாள் காலை வழக்கம்போல் மாடு கறந்தார். பக்கத்து மாட்டடியில் உட்கார்ந்திருந்த அப்பா எதுவும் பேசவில்லை. கடைக்குப் போனால் எல்லோரும் மழையைப் பற்றியே பேசினார்கள். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தம்பியைக் கொட்டகைச் சுவரில் பந்தடிக்கச் சொல்லி, இவர் பந்தைப் பார்க்காமல் தம்பியின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கை ஏமாற்றும், கண் ஏமாற்றும், இடுப்பு மட்டும் போகிற பக்கம்தான் திரும்பும். எங்கள் கபடி கோச்சும் அதையேதான் கத்துவார்.

அடுத்த வருஷமும் அதே இறுதி ஆட்டம், அதே நெட்டையன். இந்தத் தடவை அவனுக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. சுண்டுவிரல் விலகிப் போனது அன்றுதான். ஆட்டம் முடிந்த பிறகுதான் அது இவருக்கே தெரிந்தது. வென்ற கோப்பை ஊர் ஊராகச் சுற்றி இவர் வீட்டுக்கும் வந்தது. வாய் திறக்காத அப்பா அதைத் தொழுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு மாட்டுக்கும் காட்டினாராம். பிறகு இன்னும் சில கோப்பைகள், அணித் தலைவர் பதவி, நாட்டின் சிறந்த பதினைந்து பேரில் ஒருவர் என்ற விருது. அதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். கடைசியில் ஒரு நாள் பயிற்சியில் ஓர் இளைஞன் தாண்டிப் போனான். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. உடை மாற்றிக்கொண்டு, கோச்சிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

தோள் ஓரளவு தேறிய சமயத்தில் ஒரு நாள், "அடுத்த வாரம் அவன் வர்றான்" என்றார்.

"யாரு சார்?"

"மூணு கோல்."

இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து திண்டிவனத்தில் இறங்கினார். இருவரும் நேராக என் கிளினிக்குக்கு வந்தார்கள். சிவந்த முடி ஒன்றுகூட மிச்சமில்லை; முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்த நடை. "இவர் எப்படி ஆடுவார்?" என்று கேட்டேன். முகம் ஞாபகமில்லை, முழங்கை நன்றாக ஞாபகமிருக்கிறது என்று விலாவைத் தடவிக் காட்டினார். பிறகு பெருந்தன்மையாக, அந்த மூன்றில் இரண்டாவது கோல் இவர் தப்பே இல்லை, இவர் கண்ணில் நேராக வெயில் அடித்தது என்றார்.

என் நோயாளியின் முகம் சிவந்துவிட்டது. வெயில் இல்லை, என் தப்புதான் என்றார். நெட்டையர் விடவில்லை. குரல் ஏறியது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், சண்ட போட்டுக்கினு இருக்காங்க?"

"எப்பவோ வுட்ட ஒரு கோலு. யார் தப்புன்னு பஞ்சாயத்து."

"ஐயே, இதுக்கா? செஞ்சி காட்டச் சொல்லுங்க மேடம், பாத்துர்லாம்!"

பின்பக்கம், பக்கத்து வேர்க்கடலை மண்டிக்காரர் மல்லாட்டை மூட்டைகளை அடுக்கும் முற்றம் இருந்தது. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே டிரைவர் கோல்கீப்பராக நின்றார். ஒருவர் கையில் துடைப்பம், இன்னொருவர் கையில் ஒட்டடைக் குச்சி, பந்துக்கு விரல் பயிற்சிக்கு நான் கொடுக்கும் ரப்பர் பந்து. "ஓடக் கூடாது! கைய மேல தூக்கக் கூடாது!" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

நடந்துதான் காட்டினார்கள். நெட்டையர் பந்தைக் கையில் எடுத்து இடது பக்கம் நீட்டினார். இடுப்பு வலது பக்கம் திரும்பியது. அன்றைக்குப் போலவே என் நோயாளியின் கண்கள் பந்தோடு போயின. அடுத்த நொடி பந்து டிரைவரின் கால்களுக்கு நடுவில் புகுந்து மூட்டைக்குப் பின்னால் போனது.

வானம் மூட்டமாக இருந்தது. வெயிலே இல்லை.

"சார், உங்க தப்புதான்" என்றேன்.

"பாத்தியா!" என்று என் நோயாளி நெட்டையரைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததற்கு ஒருவர் இத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் தமிழிலேயே சொன்னார்: "என் தப்புன்னா, நான் சரி பண்ணேன். வெயில் தப்புன்னா, அடுத்த வருஷம் வெயில் இல்ல, அதனால ஜெயிச்சேன். அவ்ளோதான்."

நெட்டையர் சிரித்துவிட்டு அவர் தோளில் கை போட்டார். நல்லவேளை, நல்ல தோளில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பெண்கள் கபடிப் போட்டி. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். நெட்டையர் ரைடர்களுக்குக் கை தட்டினார். என் நோயாளி ஒரு கார்னர் பெண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணியின் வேகமான ரைடரை அவள் இரண்டு தடவை கணுக்காலோடு மடக்கினாள்.

"அவ எங்க பாத்தா? இடுப்பா? காலா?" என்று அவர் என் முழங்கையைப் பிடித்துக் கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவளிடமே போய்க் கேட்டோம். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் வெட்கத்தோடு சொன்னாள்:

"எங்கயும் பாக்கல சார். அவ கபடி கபடின்னு சொல்லிக்கினு வர்ற மூச்ச கேட்டுக்கினு இருந்தேன். மூச்சு கொறஞ்சா திரும்பிருவா. திரும்பறப்பதான் காலு மாட்டும்."

நான் ஆங்கிலத்தில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. நெட்டையரைப் பார்த்து, அன்றைக்கு நீ எப்படி மூச்சு விட்டாய் என்று கேட்டார். நெட்டையருக்கு நினைவில்லை. என் நோயாளி விடவில்லை. அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணிடம் அடுத்த கேள்வியை ஆரம்பித்தார்.