ஏழாவது கேள்விக்கு சிஸ்டரின் பதில்

போன் சிஸ்டர் என்றால் எங்கள் சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு வருடம் ஒப்பந்த நர்ஸ். ரத்தப் பரிசோதனை முடிவு மோசமாக வந்தால், சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் டப்பா, மறுகையில் சொந்த போன் என்று நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்.

"போன் கம்பெனிக்காரன் உங்களுக்குச் சிலை வைக்கணும் சிஸ்டர்" என்பார் மருந்தாளுநர்.

"சிலை வேணாம். உங்க வாய்க்கு ஒரு மூடி வாங்கித் தரச் சொல்லுங்க."

அது அவருடைய வேலை என்று எந்தத் தாளிலும் இல்லை. யாருடைய வேலை என்றும் இல்லை. முப்பத்தொரு வருடம் அங்கே பதிவேடு பார்த்தவன் நான். இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

மகளின் பிரசவத்துக்காக அவர் பத்தொன்பது நாள் விடுப்பில் போனார். இரண்டாம் நாள் ஒரு பெயிண்டரின் ரிப்போர்ட் வந்தது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டும் எண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு. வந்ததாக நான் கையெழுத்துப் போட்டேன். பார்த்ததாக டாக்டர், இன்னொரு நர்ஸ், மருந்தாளுநர். ஆக நான்கு கையெழுத்து. தாள் ரிப்போர்ட் போடும் தட்டிலேயே கிடந்தது.

திரும்பி வந்த சிஸ்டர் கைப்பையைக்கூட இறக்காமல் தட்டைத் துழாவினார். உடனே கூப்பிட்டார். பெயிண்டரின் மனைவி எடுத்தார்.

"நாலு நாளா பெரிய ஆஸ்பத்திரியில இருக்கார்மா. ரெண்டு கிட்னியும் வேலை செய்யலையாம்."

சிஸ்டர் எங்களைப் பார்த்தார். "நாலு பேரு பாத்திருக்கீங்க. ஒருத்தருக்குமா வாய் வரல?"

"டாக்டர் சொல்லியிருப்பார்னு நெனச்சேன்" என்றார் மருந்தாளுநர். நர்ஸ் சொல்லியிருப்பார் என்று டாக்டர் நினைத்தாராம். நான் எதையுமே நினைக்கவில்லை. கையெழுத்தோடு என் வேலை முடிந்தது என்றிருந்தேன். அது இன்னும் கேவலம்.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நோயாளிகளைப் பற்றிய பொறுப்பை நாங்கள் எவ்வளவு நன்றாகப் பகிர்ந்துகொள்கிறோம் என்று அளக்கப் பன்னிரண்டு கேள்விகள். ஏழாவது: மோசமான முடிவை நோயாளிக்குத் தெரிவிப்பவர் யார்? 'அனைவரும் சேர்ந்து' என்பதற்கே முழு மதிப்பெண். வெட்கமில்லாமல் அனைவரும் அதையே குறித்தோம். சிஸ்டர் மட்டும் 'யாரும் இல்லை' என்று குறித்தார்.

டாக்டர் அவரை அறைக்கு அழைத்தார். புதுப் படிவத்தோடு நான் பக்கத்தில் நின்றேன்.

"உங்க ஒரு தாளால மொத்த மார்க்கும் இறங்குது சிஸ்டர். அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் வேற என்கிட்டதான் வருது. பாத்துக்குங்க."

சிஸ்டர் பெயிண்டரின் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். "இந்த நாலு பேர்ல யாரு போன் பண்ணீங்கன்னு சொல்லுங்க டாக்டர். இப்பவே மாத்திக் குடுக்கறேன்."

டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக நகர்த்தினார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

நான் கையிலிருந்த வெற்றுப் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மாற்றித் தரவில்லை. டாக்டரே சிஸ்டர் பெயரில் புதுப் படிவத்தை நிரப்பினார். நான் முத்திரை குத்தி அனுப்பினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அதற்கு வந்த பாராட்டுச் சான்றிதழ் இன்றும் அதே தட்டுக்கு மேலே தொங்குகிறது. சிஸ்டரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பெயிண்டருக்கு வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஏணியில் கால் வைத்து ஒன்றரை வருடமாகிறது.

சிஸ்டர் நிரப்பிய படிவத்தைக் குப்பைத்தொட்டியிலிருந்து அன்றே எடுத்து வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. ரிப்போர்ட்டின் நகலோடு அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். முதல் கையெழுத்து என்னுடையது என்றும் எழுதினேன். பதில் வந்தது: "பெறப்பட்டது. சம்பந்தப்பட்ட அனைவரின் கூட்டு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது." கீழே மூன்று கையெழுத்து.

இன்றோடு நாற்பத்தோரு நாள். பெயிண்டரையோ சிஸ்டரையோ ஒருவரும் கூப்பிடவில்லை.