மதி எதற்குத் திரும்புகிறாள்?

ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அத்தனை பேரும் ரேகாவுக்குத் தன்னைவிட உயரமாகத் தெரிந்தார்கள். பத்தொன்பது வருடமாகக் குனிந்து பேசியே பழகியவள் அவள். திருவொற்றியூர் மீனவர் குப்பத்து அங்கன்வாடியில் ஆயாவாகச் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறி, அங்கேயே டீச்சரானாள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

தலைமையாசிரியர் வரதன்தான் கூப்பிட்டிருந்தார். "இந்தப் பசங்கள்ல பாதிப் பேரு வீட்ல தம்பி தங்கச்சிய வளக்குறதே இவங்கதாம்மா. எப்படி வளக்கணும்னு வாரத்துக்கு ஒரு பீரியடு சொல்லிக் குடுங்க" என்றார். புதன்கிழமை கடைசி பீரியடு என்று முடிவாயிற்று.

முதல் நான்கு வாரம் தடுப்பூசி, சத்துமாவு, தாய்ப்பால் என்று பேசிப் பார்த்தாள். தாய்ப்பால் என்றதும் பின்வரிசை சிரித்தது.

"மிஸ், இன்னும் கண்ணாலமே ஆவல. அதுக்குள்ள புள்ள வளக்கச் சொல்றீங்களே" என்றான் டெரிக்.

"உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. வகுப்பு குலுங்கியது. இவர்கள் கேட்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்று ரேகாவுக்குப் பிடிபடவில்லை. பேச்சைக் குறைத்துவிட்டு, ஐந்தாம் வாரம் ஒரு குழந்தையையே கொண்டுவரச் சொன்னாள்.

வந்தது அதே வகுப்பில் படிக்கும் கார்குழலியின் தங்கை மதி. பதினோரு மாதம். அவர்களுடைய அம்மா அங்கம்மா விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து தேரடிப் பக்கம் விற்பவள். பள்ளி விட்டதும் மதி கார்குழலியின் இடுப்புக்கு வந்துவிடுவாள். அவளை ரேகா தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. எடைக் கோட்டில் ஒரு மாதம்கூட கீழே இறங்காதவள். உட்கார்ந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது எல்லாம் அந்தந்த மாதத்தில். வளர்ச்சி அட்டையில் 'பின்னால் ஓசை கேட்டால் திரும்பும்' என்ற வரிக்கு எதிரே ஆறு மாதமாக ரேகாவே டிக் போட்டிருக்கிறாள்.

அதைத்தான் முதலில் காட்ட நினைத்தாள். கார்குழலி பெஞ்சில் உட்கார்ந்து மதியை மடியில் வைத்துக்கொண்டாள். டெரிக் பின்னால் போய், சத்துணவுத் தட்டைக் கரண்டியால் தட்டினான்.

மதி அக்காவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சவுண்டு பத்தல மிஸ்" என்று இன்னும் ஓங்கித் தட்டினான். முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டது. மதிக்குப் பொத்தான்தான் முக்கியமாக இருந்தது. பிறகு மடியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். டெரிக் மூன்றாவது முறை தட்டியபோது சட்டென்று திரும்பினாள். வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு அவள் யாரையும் பார்க்கவில்லை.

"டபாய்க்கிறா மிஸ்!" என்றான் டெரிக்.

"வூட்லயும் இப்டித்தான்" என்றாள் கார்குழலி. "ஒரு தபா திரும்புவா, ஒரு தபா கண்டுக்கவே மாட்டா. திமிருன்னு சொல்லும் அம்மா."

ரேகாவும் சிரித்தாள். ஆனால் அன்று மாலை அவளுக்கு வேலை ஓடவில்லை. காது கேட்கிற குழந்தை ஏன் இரண்டு முறை திரும்பவில்லை? கேட்காத குழந்தை மூன்றாவது முறை எப்படித் திரும்பியது?

மறுநாளிலிருந்து கார்குழலி பள்ளி விட்டதும் மதியை அங்கன்வாடிக்குத் தூக்கிவந்தாள். எடைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ரேகா கோடு போட்டு எழுதினாள். மணி: இல்லை. விசில்: இல்லை. டம்ளர்: திரும்பினாள். மறுபடி அதே டம்ளர்: இல்லை. பெயர் சொல்லி அழைத்தது: இல்லை, இல்லை, திரும்பினாள். வழக்கமான மரக்கட்டை: திரும்பினாள். அந்த மரக்கட்டை அவளுடைய சொந்த ஏற்பாடு. ஒரு கையில் அட்டை, ஒரு கையில் பேனா இருக்கும்போது எதைத் தட்டுவது? அக்குளில் இடுக்கிய கட்டையைக் குழந்தைக்குப் பின்னால் தரையில் நழுவவிடுவாள். திரும்பாத குழந்தையை அவள் பார்த்ததே இல்லை.

பக்கம் நிறைந்தது. ஒரு ஒழுங்கும் தென்படவில்லை. சளியாக இருக்கும் என்றாள் ஆயா. பல் முளைக்கிற நேரம் என்றாள் இன்னொருத்தி. கேட்கக் கேட்க ரேகாவுக்குக் குழப்பம் கூடியது.

அடுத்த புதன்கிழமை அந்தப் பக்கத்தை அப்படியே கரும்பலகையில் எழுதினாள். எழுதி முடித்து, "எனக்குப் புரியல. உங்கள்ல யாருக்காச்சும் புரியுதா?" என்று கேட்டாள். டீச்சர் ஒருவர் இப்படிக் கேட்டதும் அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இன்னா மிஸ், உங்களுக்கே தெரியலைன்னா பேஜாராச்சே" என்றான் டெரிக், உண்மையான கவலையோடு.

அன்றும் அக்காவோடு வந்து தரையில் உட்கார்ந்திருந்த மதி அப்போது திரும்பினாள். யாரும் எதையும் தட்டவில்லை.

"மிஸ், அவ மொதல்ல தரையப் பாத்தா" என்றாள் கார்குழலி. "எப்பவுமே அப்டித்தான். கீழ பாத்துட்டு, அப்பால திரும்புவா."

ரேகா மதியைப் பார்த்தாள். சிறிய உள்ளங்கை சிமென்ட் தரையில் விரிந்திருந்தது. பக்கத்தில் யாரோ வைத்த தண்ணீர் பாட்டிலுக்குள் தண்ணீர் நடுங்கி அடங்கியது. மதில் சுவருக்கு வெளியே, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறிப் போயிருந்தது. அங்கன்வாடியைத் தாண்டியும் நாள் முழுக்கப் போகிற லாரிகள். அந்த அறையில் யாருக்கும் அது ஓசையாகவே படுவதில்லை.

"அவளத் தூக்கிக்கோ" என்றாள்.

கார்குழலி தூக்கி இடுப்பில் வைத்தாள். காத்திருந்தார்கள். அடுத்த லாரி போனது. பாட்டில் நடுங்கியது. மதி அக்காவின் காதுத் தோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். கீழே விட்டார்கள். அடுத்த லாரிக்குத் தரையைப் பார்த்தாள், திரும்பினாள். மறுபடி தூக்கினார்கள். திரும்பவில்லை. யாரும் சொல்லாமலே டெரிக் தட்டை எடுத்து, மதியின் தலைக்குப் பின்னால் தட்டினான். மதி தோட்டை விடவில்லை. பிறகு தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டான்.

ரேகாவின் நினைவில் மரக்கட்டை விழுந்துகொண்டே இருந்தது. ஆறு மாதம், ஆறு டிக். அதற்கு முன் எத்தனை வருடம், எத்தனை குழந்தைகள், எல்லோரும் தரையில். அவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் தரையின் அதிர்வை மட்டும் உணர்ந்தார்கள்? அவளால் ஒரு முகத்தைக்கூடத் தெளிவாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மணி அடித்ததும் கார்குழலியோடு தேரடிக்கு நடந்தாள். அங்கம்மா சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். ரேகா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீதான டீச்சர் மாசாமாசம் நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்தே?"

"ஆமா. தப்பா எழுதிட்டேன்."

"அப்போ இப்ப சொல்றது மட்டும் மெய்யா?"

"அதுவும் தெரியாது அங்கம்மா. பெரியாஸ்பத்திரில மெசின் வெச்சுப் பாப்பாங்க. பாத்தாத்தான் தெரியும். கேக்கலைன்னா, சீக்கிரம் போனா ஏதாச்சும் செய்யலாம்னு படிச்சிருக்கேன். லேட்டானா கஷ்டம்னும் படிச்சிருக்கேன்."

"படிச்சுகினேதான் கட்டைய போட்டியா?"

அங்கம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு மகளிடமிருந்து மதியை வாங்கினாள். தோளில் சாய்த்து, தன் முகம் குழந்தைக்குத் தெரியாதபடி பிடித்துக்கொண்டு, காதுக்குப் பின்னாலிருந்து "மதி" என்றாள். பிறகு, மீன் கூவி விற்கும் குரலில், "மதீ!" என்றாள். எதிர்க்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். குழந்தை அம்மாவின் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"கொழுப்பெடுத்த கழுதைன்னு இவள அடிச்சிருக்கேன் டீச்சர்" என்றாள் அங்கம்மா. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. சீவிய மீனையும் சீவாத மீனையும் ஒன்றாகவே கூடைக்குள் தள்ளி, அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்குப் போவணும்?"