நான் கேட்ட ஐந்து நிமிடங்கள்

தாம்பரம் மேற்கில் ஒரு ஸ்கேன் சென்டரின் முன்மேசையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பத்தாவது வரை படித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். வருகிறவர்களின் பெயரும் வயதும் எழுதி, டாக்டர் சீட்டை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் பிரிண்ட் எடுத்து உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அதிகம் பேச வேண்டியிராத வேலை. எனக்கு அது பிடித்திருந்ததற்கு அதுதான் காரணம். தெரியாத ஆளோடு போனில் பேசுவதென்றால், என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிற ஆள் நான்.

எங்கள் சென்டரில் படம் எடுக்க மட்டும்தான் ஆள் உண்டு. படத்தைப் பார்த்து இன்னது என்று எழுதித் தருகிற டாக்டர் நகரத்துக்குள் இருந்தார். படங்கள் இன்டர்நெட் வழியாக அவருக்குப் போகும். அவர் பார்த்து ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புவார். நல்ல நாளில் அரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். மழைக்காலத்தில் ரோட்டோரக் கேபிள் குழியில் தண்ணீர் இறங்கி, தெரு முழுக்க லைன் போய்விடும். அதற்காக முதலாளி, சிம் கார்டு போட்டு ஓடுகிற ரவுட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். டிபன் டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, பின்பக்கம் இரண்டு ஆன்டெனா. லைன் போனால் ஒரு ஒயரைப் பிடுங்கி இதில் சொருக வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் நெட் உண்டு, சிவப்பு எரிந்தால் இல்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

அதைப் பொருத்திய இன்ஜினியர், பெட்டிக்குள் நுழைவதற்கான பாஸ்வேர்டை ஒரு சின்னத் தாளில் இங்க் பேனாவால் எழுதி, பெட்டியின் தலையிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார். “இது தொலையாது மேடம்” என்று சிரித்தார்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான்தான். ஸ்கேன் மெஷினுக்கு மாலை, கம்ப்யூட்டர், பிரிண்டர், யூபிஎஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரவுட்டருக்கும் கையோடு, அந்தத் தாளின் மேலேயே ஒன்று வைத்தேன். இரண்டு நாள் கழித்து முதலாளி வருகிறார் என்று ஈரத்துணி எடுத்துத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். சந்தனத்தோடு இங்க்கும் கரைந்து நீலமாகத் துணியில் வந்துவிட்டது. முதல் எழுத்தும் கடைசி இரண்டு எண்களும்தான் மிச்சம். தாளை நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நான் சொல்ல வந்த அந்த நாளுக்கு முந்தின நாள் சிம் கம்பெனி ஆள் ஒருவர் வந்து பழைய சிம்மைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டுப் போனார். 3ஜி வந்த புதிது. “இனிமே செம ஸ்பீடு” என்றார். விளக்கைப் பார்க்கும் வரை அவரும் நிற்கவில்லை, நானும் நிற்கச் சொல்லவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணி இருக்கும். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமிலிருந்து ஒரு ஆளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூட அவர் மனைவி. கடலோரக் குப்பத்துக்காரர்கள். தினமும் மேடவாக்கம் வழியாக மீன் கொண்டுவந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்கிறவர்கள். அன்று மழையில் ஷேர் ஆட்டோ சடாரென்று பிரேக் போட்டதில், ஓரத்தில் தொங்கிக்கொண்டு வந்த மனுஷன் ரோட்டில் விழுந்து தலை அடிபட்டிருக்கிறது. உடனே எழுந்து, டீ குடித்து, கூடையை இறக்கி வைத்து வியாபாரத்துக்கும் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலி, இரண்டு முறை வாந்தி. நர்சிங் ஹோம் டாக்டர் கொடுத்த சீட்டில், ரிப்போர்ட் பார்த்த பிறகுதான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்று முடிவு செய்ய முடியும் என்று எழுதியிருந்தது.

படம் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்தவர் எங்கள் டெக்னீஷியன், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அக்கா, ஒரு பக்கமா வெள்ளையா ஏதோ தெரியுது. அதை நான் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்லணும். சீக்கிரம் அனுப்புங்க.”

லைன் காலையிலேயே போயிருந்தது. ஒயரை மாற்றிச் சொருகினேன். சிவப்பு விளக்கு. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். சிவப்புதான். எதிரில் இருந்த பிரவுசிங் சென்டரும் அதே கேபிள்தான், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள்.

சிம் கம்பெனி நம்பருக்கு அடித்தேன். தாளில் எழுதிக்கொள்ள நேரமில்லை. வெகுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

“புது சிம் மேடம், அதனால அந்தப் பெட்டிக்குள்ள பழைய பேர் இருக்கும். நெட்வொர்க்கோட பேரை மாத்தணும். பிரவுசர் ஓப்பன் பண்ணி நான் சொல்ற நம்பர் அடிங்க. ஒன் நைன் டூ, டாட்...”

அடித்தேன். நீலமாக ஒரு பக்கம் திறந்தது. இரண்டு கட்டம். மேலே யூசர் நேம், கீழே பாஸ்வேர்டு.

“பாஸ்வேர்டு போட்டு உள்ள போங்க மேடம்.”

“பாஸ்வேர்டு...” என்றேன்.

“பெட்டி மேல எழுதி ஒட்டியிருப்பாங்க பாருங்க.”

“சரி, பாக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அழிந்துவிட்டது என்று அந்த முகம் தெரியாத பெண்ணிடம்கூட எனக்குச் சொல்ல வரவில்லை.

ஹாலில் ஸ்ட்ரெச்சர் சுவரோரமாக நின்றது. படுத்திருந்தவர் தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தார்.

“இன்னாம்மே, நம்ம படம் இன்னும் ரிலீஸ் ஆவலியா?”

“சும்மா படுய்யா. மண்ட ஒடஞ்சாலும் வாயி ஒடையல பாரு” என்றாள் மனைவி. பிறகு என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. “இன்னாக்கா, வந்துச்சா?”

“அஞ்சு நிமிஷம்மா. வந்துடும்.”

முதல் எழுத்தும் கடைசி இரண்டு எண்களும் நினைவில் இருந்தன. நடுவில் சென்டரின் பெயராக இருக்கலாம் என்று அடித்தேன். தவறு. முதலாளி பெயரைச் சேர்த்து அடித்தேன். தவறு. தாம்பரம் என்று அடித்தேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு கட்டங்கள் சாம்பல் நிறமாகி, பதினைந்து நிமிடம் கழித்து முயற்சி செய்யவும் என்று ஆங்கிலத்தில் வந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியாதபடி அந்தப் பெட்டி பூட்டிக்கொண்டது.

டெக்னீஷியன் ஃபிலிமோடு வந்தார். “அக்கா, பிரிண்ட் ரெடி. ரிப்போர்ட் இல்லாட்டி பரவால்ல, இதைக் கையில குடுத்து நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா? அங்க படத்தையே பாத்துடுவாங்க.”

அந்தக் கேள்வி இன்றுவரை அதே குரலில் எனக்குக் கேட்கிறது. அனுப்பியிருக்கலாம். ஆனால் அனுப்பினால் நர்சிங் ஹோமில் ஏன் ரிப்போர்ட் இல்லை என்பார்கள். முதலாளிக்குப் போன் போகும். நெட் இல்லை என்றால், ஏன் இல்லை என்பார். பாஸ்வேர்டு எங்கே என்பார். நான் அதைத்தான் நினைத்தேன். அந்த மனுஷனின் தலையை நினைக்கவில்லை.

“அஞ்சு நிமிஷம் குடுங்க. சரி பண்ணிடறேன்” என்றேன். நான் இத்தனை உறுதியாகப் பேசி அவர் கேட்டதில்லை. அதனால் நம்பிவிட்டார். உள்ளே அடுத்த ஆள் காத்திருந்ததால் திரும்பிப் போய்விட்டார்.

பொருத்திய இன்ஜினியரின் நம்பரை டைரியில் தேடி அடித்தேன். அவர் வேலை மாறி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தார். பின்னால் மெஷின் இரைச்சல்.

“எந்த சென்டர் மேடம்? ஐயோ, அது எனக்கு ஞாபகம் இல்ல. சீட்டு ஒட்டினேனே?”

“அது... தெளிவா இல்ல சார்.”

“அப்ப ரீசெட் பண்ணிடுங்க. பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஊசி விட்டுப் பத்து செகண்ட் அழுத்துங்க. எல்லாம் அழிஞ்சு புதுசா ஆயிடும். அப்புறம் யூசர், பாஸ்வேர்டு ரெண்டுமே அட்மின்தான். உள்ள போயி நெட்வொர்க் பேரைப் போட்டா முடிஞ்சுது. வேலையில இருக்கேன் மேடம், வச்சிடறேன்.”

புடவையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி அழுத்தினேன். விளக்குகள் எல்லாம் அணைந்து ஒன்றொன்றாக எரிந்தன. அட்மின், அட்மின். உள்ளே போய்விட்டேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. மறுபடி கம்பெனிக்கு அடித்து, பாட்டுக் கேட்டு, பேர் வாங்கி, கட்டத்தில் அடித்து, பக்கத்தை மூடினேன். விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பு. வர நேரம் ஆகும் போல என்று காத்திருந்தேன்.

ஹாலில் பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன்.

“தூங்கறாருக்கா” என்றாள் அவள். “ரெண்டு நாளா தூக்கமே இல்ல, கடலுக்குப் போயிகினு வந்துகினு. தூங்கட்டும்.”

“தூங்கட்டும்” என்றேன் நானும். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் விழித்திருந்தால் இன்னொரு தடவை கேட்பாரே.

இருபது நிமிடம் போல ஆன பிறகுதான் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றியது. நான் அடித்த பேர் அங்கே இல்லை. கட்டம் காலி. பக்கத்தின் அடியில், திரையை நகர்த்தினால்தான் தெரிகிற இடத்தில், ‘சேவ்’ என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தாமலே மூடியிருக்கிறேன். மறுபடி அடித்து, அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் பச்சை எரிந்தது.

படங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் படம் போய்ச் சிறிது நேரத்தில் மேசைப் போன் அடித்தது. எப்போதும் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்புகிற டாக்டர், அன்று அவரே பேசினார்.

“பேஷன்ட் எங்கே?”

“இங்கதான் சார், ஹால்ல.”

“இன்னும் அங்கயா? எவ்வளவு நேரமா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. எழுப்பிப் பாருங்க. உடனே ஏத்தி அனுப்புங்க.”

டெக்னீஷியன் ஓடிப்போய் அவர் தோளைத் தட்டினார், கன்னத்தைத் தட்டினார், நெஞ்சில் விரல் முட்டியால் அழுத்தினார். ஒரு முனகல் மட்டும் வந்தது. “யோவ், எந்திரிய்யா, யோவ்” என்று அவள் காலைப் பிடித்து உலுக்கினாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவருக்கு ஒரு கண் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது. ஃபிலிமை அவள் கையில் கொடுத்தேன். ரிப்போர்ட் பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தது. அதற்குக் காத்திருக்கவில்லை. வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் முழங்கால் தண்ணீர். சைரன் சத்தம் நின்ற இடத்திலேயே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அங்கே ஆபரேஷன் செய்தார்கள் என்றும், கண் திறக்கவே இல்லை என்றும், பத்து நாளைக்குள் முடிந்துவிட்டது என்றும் நர்சிங் ஹோம் நர்ஸ் மூலமாகத் தெரிந்தது. முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மழை, லைன் இல்லை, அவ்வளவுதான் அவருக்கு. டெக்னீஷியன் மட்டும் சில நாள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அந்தப் பொங்கலுக்குள் வேறு சென்டருக்குப் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் அவள் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. மீனவர் நல உதவிக்கு எழுதிப் போட ரிப்போர்ட் வேண்டும் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். அலமாரியில் அந்த உறை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

“அன்னிக்கு நீ சோறுகூட துன்னாம அந்தப் பொட்டியாண்டயே குந்திகினு கெடந்தியேக்கா” என்றாள். “எங்க ஜனங்க கைல சொல்லிகினே கீறேன், நம்மள ஒரு மனுசியா மதிச்சி அந்தக்கா அவ்ளோ பாடுபட்டுச்சின்னு. இன்னா பண்றது, அதுக்கு மேல நம்ம நேரம்.”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தால் போதும், அவ்வளவு பக்கத்தில் நின்றாள்.

அவள் உறையிலிருந்து தாளை எடுத்து என் பக்கம் நீட்டினாள். “எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல இன்னாதான் எழுதிகீதுன்னு சொல்லுக்கா. அவருக்கு இன்னா ஆச்சுன்னு யாருமே எனக்கு வெளங்கறாப்ல சொல்லல.”

இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். இடது பக்கம் எலும்பில் விரிசல். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. உடனடியாக ஆபரேஷன் தேவை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு தாளின் மேல்பக்கம் இரண்டு வரிகளில் இருந்த எண்களின்மேல் விரலை வைத்தாள்.

“இது இன்னா?”

ஒரு வரியில் படம் எடுத்த நேரம். அடுத்த வரியில் ரிப்போர்ட் எழுதிய நேரம். நடுவே இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு.

“பேரு, வயசு, அந்த மாதிரி” என்றேன்.

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதாம்மா.”

தாளை நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.